நாணற்பெட்டிக்குக் கீல் பூசினது அவிசுவாசமா?



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இதைப் பற்றி நாம் பிரசங்கபீடத்திலே அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவிலும், கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்திலும் பேசுகிறோம்.

குறைமாதத்தில் பிறந்த ஒரு பிள்ளை இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மூக்கிலே மெல்லிய ஆக்சிஜன் டியூபோடு வீட்டுக்கு வருகிறது. தகப்பன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்கு மருந்து, ராத்திரி யார் முழித்திருப்பது என்று கோடு போட்டு எழுதி வைக்கிறார். பார்க்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறார்: "பிரதர், பிள்ளையைக் கர்த்தருடைய கையிலே ஒப்புக்கொடுத்தாச்சு இல்ல? அப்புறம் எதுக்கு இந்த மெஷினும் நோட்டும்? விசுவாசம் இருந்தா அந்த டியூபை எடுத்துடுங்க."

சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்காக உபவாசமிருந்து கண்ணீரோடு ஜெபித்தவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையிலே ஒரு சின்ன ஜீவன் தொங்குகிறது. ஆகவே நின்று நிதானித்து யோசிப்போம். பலவீனமான பிள்ளைக்குத் திட்டம் போடுவது அவிசுவாசமா?

இந்தப் பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை?

37 வாரம் முடிவதற்கு முன் பிறக்கிற பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ம் ஆண்டிலே உலகத்தில் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறந்தார்கள். அதிலே நம் இந்தியாவில் மாத்திரம் ஏறக்குறைய 30 லட்சம் பேர். இவர்களில் அநேகர் சில வாரங்களே முந்திப் பிறந்தவர்கள், சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். நாம் பேசுகிறது 28 வாரத்திலும் 30 வாரத்திலும், ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ எடையிலே பிறந்த பிள்ளைகளைப் பற்றி.

அந்தப் பிள்ளைக்கு நுரையீரல் இன்னும் முற்றவில்லை. தோலுக்கு அடியிலே கொழுப்பு இல்லை, அதனால் ஜூன் மாத வெயிலிலும் உடம்பு சில்லிட்டுப் போகும். சப்பி, விழுங்கி, மூச்சு விடுகிற மூன்றையும் சேர்த்துச் செய்கிற பக்குவம் ஏறக்குறைய 34 வாரத்திலேதான் வருகிறது. சில வேளைகளில் மூச்சுவிடவே மறந்துபோகும். பல நாள் மெஷின் மூலம் மூச்சு விட்டதால் சில பிள்ளைகளுக்கு நுரையீரலிலே தழும்பு விழுந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் வாரக்கணக்கிலே, சிலருக்கு மாதக்கணக்கிலே ஆக்சிஜன் வேண்டியிருக்கும்.

"டிஸ்சார்ஜ் ஆயிடுச்சு" என்றால் "எல்லாம் சரியாயிடுச்சு" என்று நாம் எடுத்துக்கொள்ளுகிறோம். அப்படியல்ல, பிரியமானவர்களே. நர்ஸ்கள் ஷிப்ட் போட்டுப் பார்த்த வேலை இப்பொழுது ஒரு வீட்டின் தலையிலே வந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

மோசேயின் தாயை நினைத்துப் பாருங்கள்

ஆண்பிள்ளைகளையெல்லாம் நதியிலே போடவேண்டும் என்று பார்வோன் கட்டளையிட்ட நாட்களிலே, அந்தத் தாய் தன் பிள்ளையை மூன்று மாதம் ஒளித்து வைத்தாள். அதற்குமேல் முடியாமல் போனபோது என்ன செய்தாள்? பிள்ளையைச் சும்மா தண்ணீரிலே விட்டுவிட்டு "கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார்" என்று வீட்டுக்குப் போனாளா? இல்லை. நாணலிலே ஒரு பெட்டி எடுத்தாள். தண்ணீர் உள்ளே கசியாதபடி கீலும் பிசினும் பூசினாள். ஆற்றின் நடுவிலே அல்ல, ஓரமாய் நாணலுக்குள்ளே வைத்தாள். பிள்ளையின் அக்காள் தூரத்திலே நின்று கவனித்துக்கொண்டிருந்தாள். நல்ல பெட்டி, நல்ல பூச்சு, நல்ல இடம், பார்த்துக்கொள்ள ஒரு ஆள். இது திட்டம் இல்லையென்றால் வேறு எதைத் திட்டம் என்பது?

கவனியுங்கள். எபிரெயர் நிருபம் 11-ம் அதிகாரத்திலே விசுவாசிகளின் பட்டியலிலே மோசேயின் பெற்றோரும் இருக்கிறார்கள். பிள்ளையை ஒளித்து வைத்ததையே அங்கே விசுவாசமாக எண்ணியிருக்கிறது. சத்தம் வெளியே கேட்காதபடி, அக்கம்பக்கத்தார் சந்தேகப்படாதபடி மூன்று மாதம் ஒரு கைக்குழந்தையை ஒளிப்பதற்கு எத்தனை யோசனை வேண்டும்! ஒவ்வொரு நாளும் யார் வெளியே போவது, யார் உள்ளே இருப்பது என்று பேசாமலா இருந்திருப்பார்கள்? அந்தக் கீல் சட்டியைக் கையிலே பிடித்த தாயை நாம் அவிசுவாசி என்று சொல்லத் துணிவோமா?

யாருடைய மூச்சு?

சிலர் கேட்பார்கள்: "விசுவாசத்தினாலே மருந்தை விட்டவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய சாட்சியைக் கேட்டிருக்கிறோமே?" நல்ல கேள்வி. இங்கேதான் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பெரியவர் தன் மாத்திரையைத் தானே நிறுத்தினால், அது சரியோ தவறோ, பந்தயத்தில் வைத்தது தன்னுடைய உயிர். அவருக்குப் புத்தி இருக்கிறது, வாய் இருக்கிறது. மூச்சு முட்டினால் "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மனம் மாறிச் சொல்லவும் முடியும்.

ஒன்றரைக் கிலோ பிள்ளைக்கு அந்த வாய் இல்லை. மூச்சு முட்டினால் அழக்கூட அதற்குப் பெலன் இருக்காது. மெதுவாய் நீலம் பாரிக்கும், அவ்வளவுதான். அப்படியானால் யாருடைய மூச்சை வைத்து யாருடைய விசுவாசத்தைச் சோதிக்கிறோம்? விசுவாசி என்ற பெயர் நமக்கு, ஆபத்து பிள்ளைக்கு. இது நியாயமா? நம்முடையதை நாம் காணிக்கையாய்க் கொடுக்கலாம். அடுத்தவருடையதை எடுத்துக் காணிக்கை போட நமக்கு அதிகாரம் இல்லை. பெற்றவர்களுக்கும் இந்தக் காரியத்திலே அதிகாரம் இல்லை. பிள்ளை அவர்களுக்குக் காப்பாற்றும்படி கொடுக்கப்பட்டதே தவிர, தங்கள் விசுவாசத்தை நிரூபிக்கும்படி கொடுக்கப்படவில்லை.

"அப்படியானால் கர்த்தர் சுகமாக்கமாட்டாரா?" என்பீர்கள். சுகம் வந்தால் அது மறைந்திருக்காது. விரலிலோ பாதத்திலோ மாட்டுகிற சின்ன ஆக்சிமீட்டர் அதைக் காட்டும். டாக்டரே ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்து, ஒரு நாள் "இனி வேண்டாம்" என்பார். பத்துக் குஷ்டரோகிகளை இயேசு எங்கே அனுப்பினார்? ஆசாரியர்களிடத்தில் போய்த் தங்களைக் காண்பிக்கும்படி அனுப்பினார். உண்மையான சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது.

நோட்டிலே என்ன எழுத வேண்டும்?

திட்டம் என்றவுடன் பெரிய காரியம் என்று எண்ண வேண்டாம். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடியதுதான்.

முதலாவது, சூடு. தாயின் வெறும் மார்போடு பிள்ளையை நிமிர்த்தி அணைத்துக் கட்டிக்கொள்ளுவதைக் கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். 1978-ல் கொலம்பியா தேசத்தின் பொகோட்டா நகரத்திலே, இன்குபேட்டர் போதாமல் இரண்டு மூன்று பிள்ளைகளை ஒன்றாய்ப் படுக்கவைத்த ஓர் ஆஸ்பத்திரியிலே, எட்கர் ரே என்கிற டாக்டர் இதைத் தொடங்கினார். ஏழைகளுக்கு வேறு வழியில்லாமல் வந்த இந்த முறையை 2021-ல் ஐந்து நாடுகளிலே சோதித்து வெளியிட்டார்கள். அதிலே நம் இந்தியாவும் ஒன்று. பிறந்த உடனே மார்பிலே சேர்த்துக்கொண்ட பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். உடல்நிலை தேறின பிறகே சேர்த்துக்கொண்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 16 பேர். வீட்டுக்கு வந்த பிறகும் இதைத் தொடரலாம். தகப்பன் மார்பும், பாட்டி மார்பும் இதற்கு ஆகும். "ஆம்பளை இதெல்லாம் செய்யலாமா?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லுங்கள்: செய்யலாம், செய்ய வேண்டும்.

இரண்டாவது, பால். டாக்டர் வேறு விதமாய்ச் சொன்னாலொழிய தாய்ப்பால் மாத்திரம், இரண்டு அல்லது மூன்று மணிக்கு ஒரு தரம், ராத்திரியும் சேர்த்து. சப்பத் தெரியாத பிள்ளைக்குப் பாலைக் கையால் பீய்ச்சி, வெந்நீரில் கொதிக்கவைத்த பாலாடையிலே, தலையை உயர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுக்க வேண்டும். சேனை தொட்டு வைப்பது, தேன், உரைமருந்து, விளக்கெண்ணெய், மூக்கிலே எண்ணெய் விடுவது, இவையெல்லாம் வேண்டாம். பெரியவர்கள் அன்போடு செய்கிற காரியம்தான், ஆனால் இந்தப் பிள்ளை அதைத் தாங்காது.

மூன்றாவது, மூச்சு. தூங்குகிற போது மல்லாக்க, சமமான இடத்திலே, தலையணை இல்லாமல் படுக்க வையுங்கள். தூளியிலே கழுத்து மடங்கி மூச்சு அடைபடலாம். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, பீடி சிகரெட் எதுவும் அந்த வீட்டுக்குள் ஆகாது. ஆக்சிஜன் இருக்கிற அறையிலே மெழுகுவர்த்தி ஏற்றக்கூடாது, அடுப்பும் குறைந்தது பத்தடி தள்ளி இருக்க வேண்டும். ஆக்சிஜன் தானாய் எரியாது, ஆனால் சின்ன நெருப்பைப் பெருநெருப்பாக்கிவிடும். கரண்டிலே ஓடுகிற மெஷினாயிருந்தால், கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்னமே யோசித்து, நிரப்பின சிலிண்டர் ஒன்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, தேதிகள். கண் பரிசோதனை மிகவும் முக்கியம். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். மிகவும் சிறிய பிள்ளைகளுக்கு இன்னும் முன்னதாகவே. காது கேட்கிறதா என்ற பரிசோதனையும் உண்டு. தடுப்பூசியை டாக்டர் சொல்லுகிற சிற்சில மாற்றம் தவிர பிறந்த தேதியை வைத்தே போடுவார்கள். ஆனால் குப்புற விழுவது, உட்காருவது போன்ற வளர்ச்சியைப் பிறக்கவேண்டிய தேதியிலிருந்து கணக்கிடுவார்கள். "உங்க பிள்ளை இன்னும் உட்காரலையா?" என்று கேட்டு அந்தத் தாயை நோகடிக்காதிருங்கள்.

ஐந்தாவது, ஆபத்தின் அடையாளங்கள். இதைப் பெரிய எழுத்திலே எழுதிச் சுவரிலே ஒட்டுங்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது. மூச்சு 20 விநாடி நின்றுபோவது. உதடும் நாக்கும் நீலமாவது. நெஞ்சு உள்வாங்குவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குவது. வலிப்பு. அக்குளிலே வெப்பம் 35.5 டிகிரிக்குக் குறைவது அல்லது 37.5-க்கு ஏறுவது. உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாவது. இவற்றில் ஒன்று கண்டாலும் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள். ஜெபத்தை ஆம்புலன்சிலே பண்ணலாம்.

அன்புக்கும் அளவு வேண்டும்

"இவ்வளவு கணக்கு வேணுமா? அன்பு இருந்தா போதாதா?" என்று கேட்கலாம். சரித்திரம் பதில் சொல்லுகிறது. 1940-களிலே மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலே குறைமாதப் பிள்ளைகளுக்கு ஆக்சிஜனைத் தாராளமாய்க் கொடுத்தார்கள். அதிகம் கொடுத்தால் நல்லதுதானே என்று எண்ணினார்கள். ஆனால் பிழைத்த பிள்ளைகளில் அநேகர் பார்வையிழந்தார்கள். 1942-லே பாஸ்டன் நகரத்து டெர்ரி என்கிற கண் டாக்டர் இந்தக் கண் நோயை முதலில் விவரித்து எழுதினார். 1951-லே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கேட் கேம்பெல் என்கிற பெண் டாக்டர் அளவுக்கு மிஞ்சின ஆக்சிஜனே காரணம் என்று சுட்டிக்காட்டினார். அதற்குப் பிறகு செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தின. அதற்குள்ளே உலகத்திலே ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் பார்வையை இழந்திருந்தார்கள். 1950-லே ஆறு வாரம் முந்திப் பிறந்து கண்ணிழந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் இந்த நோயினால் பாதிக்கப்பட்டவரே.

அன்பில்லாமலா கொடுத்தார்கள்? அன்போடுதான் கொடுத்தார்கள். அளவு தெரியவில்லை. ஆகவே டாக்டர் சொன்ன அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நோட்டிலே இருக்கிற எண்கள் அன்புக்கு விரோதமானவை அல்ல. இன்னொருவனுக்கு எது எவ்வளவு வேண்டும் என்று அறிந்துகொள்ளச் சிரமப்படுவதும் அன்பின் ஒரு பகுதிதான்.

சபை எங்கே?

இப்பொழுது கேள்வி நம்மிடத்திலே திரும்புகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2008-லே வெளியிட்ட வழிகாட்டியிலே ஒரு காரியம் சொல்லியிருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்புமுன் குறைந்தது இரண்டு பேராவது பராமரிப்பைக் கற்றிருக்க வேண்டும். ஏன் இரண்டு? ஒருவரால் முடியாது என்பதால்தான். இரண்டு மணிக்கு ஒரு தரம் என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம். பீய்ச்ச, ஊட்ட, துடைக்க, பாலாடையைக் கொதிக்கவைக்க, கண் மூடுவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். அந்தத் தாய் பிரசவித்த உடம்பு. தூக்கமில்லாமல் காரணம் தெரியாமல் அழுவாள், பிள்ளையைப் பார்க்கவே பயப்படுவாள். அதைப் "பிசாசின் போராட்டம்" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடக்கூடாது. அவளுக்கும் டாக்டர் வேண்டியிருக்கலாம். தூக்கம் நிச்சயமாய் வேண்டும்.

"நாங்க ஜெபத்துல தாங்குறோம் சிஸ்டர்" என்று சொல்லுகிறோம். தாங்குங்கள், நல்லது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் தாங்குவது? "விசுவாசியுங்க" என்று சொல்லுகிறவர் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார், கேட்டவள் முழித்திருக்கிறாள். நாம் செய்யாத வேலைக்கு விசுவாசம் என்று பெயர் வைத்து அவள் தலையிலே சுமத்துகிறோமோ என்று நம்மை நாமே சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே சில எளிய காரியங்கள். முப்பது பேராய்ப் போய் வீட்டுக்குள் கூடி ஜெபிக்க வேண்டாம். வாசலிலே இரண்டு பேர் நின்று ஜெபித்தாலும் பரலோகத்திலே கேட்கும். சளி இருமல் உள்ளவர்கள் போகவே வேண்டாம், அவர் பாஸ்டராயிருந்தாலும் சரி. பிள்ளையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முத்தம் கொடுக்காதிருங்கள். எண்ணெய் பூச வேண்டுமென்று தோன்றினால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். ஆக்சிஜன் போகிற முகத்திலே எண்ணெய்ப் பசை தீப்பற்ற ஏதுவாகும். ஒருவர் சமையல் செய்து கொண்டுபோங்கள். ஒருவர் மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் கண் பரிசோதனைக்குத் துணைக்குப் போங்கள். அந்த வீட்டார் விரும்பினால், ஒரு தாயார் ஆஸ்பத்திரியிலே முறையாய்க் கற்றுக்கொண்டு வாரத்திலே ஒரு ராத்திரி போய் உட்காருங்கள். தூரத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்த மிரியாமைப் போல அந்தப் பெட்டிக்குக் காவலாயிருங்கள்.

பிழைக்காமல் போனால்?

கடைசியாக, பேசக் கூச்சமான ஒன்று. எல்லாம் செய்தும் சில பிள்ளைகள் பிழைப்பதில்லை. அப்பொழுது "எங்கேயோ விசுவாசக் குறைவு" என்றோ, "என்ன பாவமோ" என்றோ ஒரு வார்த்தையும் நம் வாயிலிருந்து புறப்படக்கூடாது. 1963 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்தி ஒரு மகன் பிறந்தான். எடை ஏறக்குறைய 2 கிலோ 100 கிராம். பணம் இருந்தது, பெரிய டாக்டர்கள் இருந்தார்கள், ஜெபித்த ஜனங்களும் இருந்தார்கள். நுரையீரல் விரியாமல் 39 மணி நேரத்திலே அந்தப் பிள்ளை இறந்துபோனான். அந்த நுரையீரலுக்குத் தேவையான மருந்தை ஜப்பான் டாக்டர் புஜிவாரா பிள்ளைகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டது 1980-லேதான். இன்றைக்கு அதே எடையிலே பிறக்கிற பிள்ளைகள், நல்ல சிகிச்சை கிடைத்தால், பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு அந்தப் பெற்றோருக்கு விசுவாசம் குறைவாயிருந்தது என்று யார் சொல்ல முடியும்?

திட்டம் பிழைப்புக்கு உத்தரவாதம் அல்ல. மோசேயின் தாய் கீல் பூசினபோது, பெட்டி எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியாது. பூசுவது மாத்திரமே அவள் கையிலே இருந்தது, அதை ஓட்டையில்லாமல் செய்தாள். மீதியைக் கர்த்தரிடத்தில் விட்டாள். ஒப்புக்கொடுத்தல் என்பது அதுதான்.

பிரியமானவர்களே, அடுத்த முறை நம் சபையிலே இப்படி ஒரு பிள்ளை வீட்டுக்கு வரும்போது, "டியூபை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்காதிருங்கள். "அந்த நோட்டைக் காட்டுங்க சிஸ்டர், இதிலே எந்த மணி நேரத்தை நான் எடுத்துக்கட்டும்?" என்று கேளுங்கள். கர்த்தர் தாமே அப்படிப்பட்ட கைகளை நம் நடுவிலே எழுப்புவாராக. ஆமென்.